நாலு பத்துக்கு வரும் பழுது

எங்கள் வீட்டு மேனேஜருக்கு வயது பதினொரு மாதம். பல் நான்கு. தலைமுடியை எண்ணிவிடலாம். மேனேஜர் என்று பெயர் வைத்தது என் வீட்டுக்காரர்தான். எல்லாரையும் வேலை வாங்குகிறான், தான் மட்டும் ஒரு துரும்பையும் நகர்த்துவதில்லை, கூப்பிட்ட குரலுக்கு ஆள் வராவிட்டால் கூரை பறக்கக் கத்துகிறான், வேறென்ன பெயர் வைப்பது என்று கேட்டார். அவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். மேனேஜர்களை நிறையப் பார்த்தவர்.

இந்த மேனேஜர் மூன்று வாரமாகச் சாயங்காலம் நாலு மணி பத்து நிமிடத்துக்கு அழுதுகொண்டிருந்தான். நாலு மணி வாக்கில் என்று நான் சொல்லவில்லை. நாலு பத்து. முந்தின நொடி வரை வீடு அமைதியாக இருக்கும். அடுத்த நொடி, குக்கர் விசில் கிளம்புகிற மாதிரி ஆரம்பித்துவிடுவான். தூக்கினால் அழுகை, இறக்கிவிட்டால் அழுகை, பாட்டிலைக் காட்டினால் அதைத் தட்டிவிட்டு அழுகை. முக்கால் மணி நேரம் கழித்து மூக்கு ஒழுக, கண் வீங்க, என் தோளிலேயே தூங்கிப்போவான். எனக்கும் ஓரமாக உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதால் தேவலை போல இருக்கும்.

மற்ற நேரத்தில் அவனோடு இருப்பது வேறு மாதிரி வேலை. குளிக்கப் போனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாடவேண்டும், பாட்டு நின்றால் விசாரணை வந்துவிடும். சாப்பாடு எப்போதும் ஆறித்தான் கிடைக்கும். போனில் யாராவது "வீட்ல சும்மாதானே இருக்கே?" என்று ஆரம்பித்தால் எனக்குச் சுர்ரென்று வரும். ஆனால் போன வாரம் ஒரு நாள் அவன் ஸ்பூனைக் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தான். நானும் எடுத்து எடுத்துக் கொடுத்தேன். நாற்பத்தாறு தடவை. ஒவ்வொரு தடவையும் அது கீழேதான் போகிறதா என்று சரிபார்த்தான். நாற்பத்தேழாவது தடவை ஸ்பூனைக் கொடுக்காமல் கையை விரித்துக் காட்டினேன். அவன் தரையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான். மேலே போயிருக்குமோ என்று சந்தேகம். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாகிவிட்டது. இப்படி யோசிக்கிற ஆளோடு எட்டு வருஷ வேலையில் நான் சேர்ந்து உழைத்ததே இல்லை.

எட்டு வருஷம் நான் லிஃப்ட் கம்பெனியில் இருந்தேன். பழுது பார்க்கிறவர்கள் அங்கே பலர் உண்டு. நான் பழுது கண்டுபிடிக்கிறவள். சில லிஃப்டுகள் மெக்கானிக் வந்தால் சமர்த்தாக ஓடும், அவர் தெருமுனையைத் தாண்டியதும் நின்றுவிடும். அந்த மாதிரி ராங்கிக்காரிகளை எல்லாம் ஃபோர்மேன் என் தலையில்தான் கட்டுவார். ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொண்டு நாள் கணக்கில் உட்கார்ந்திருப்பேன். எத்தனை மணிக்கு நின்றது, எந்த மாடியில் நின்றது, உள்ளே யார் இருந்தார்கள், என்ன சத்தம் வந்தது. எழுதிக்கொண்டே போனால் ஒரு நாள் தாளே சொல்லிவிடும்.

ஒரு ஆபீஸ் லிஃப்டின் கதவு காலை ஒன்பது இருபதுக்கு மட்டும் மூடாது. கதவிடையில் ஆள் நிற்கிறாரா என்று பார்க்கிற கண் ஒன்று அதில் உண்டு. அதை இரண்டு தடவை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் மாடிப்படி ஜன்னல் வழியாக வெயில் வந்து, சரியாக அந்த நேரத்துக்கு அந்தக் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. தாளின் அடியில் 'இயந்திரத்தில் பழுது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்த மெக்கானிக்குக்கும் பிடிக்காத வரி அது. எழுதினால் இத்தனை நாள் வெட்டியாகச் சுற்றியிருக்கிறாய் என்று மேலே இருப்பவர்கள் முறைப்பார்கள்.

ஆகவே மேனேஜருக்கும் ஒரு தாள் போட்டேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மதியம் என்ன சாப்பிட்டான், எப்போது தூங்கினான், வயிறு எப்படி, யார் பக்கத்தில் இருந்தார்கள், எல்லாம் கட்டம் கட்டமாக. டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, பல் முளைக்கிறது என்றார். பல்லுக்கு நாலு பத்து என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். வெயில் என்ற கட்டத்தையும் நான் விடவில்லை. எங்கள் வீடு கிழக்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் முன்னறையில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. 'வெயில்: கிடையாது' என்று முதல் நாளே எழுதி அடித்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் தாள் பேச ஆரம்பித்தது. அது சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

சனி, ஞாயிறு அவன் அழவே இல்லை. சனி, ஞாயிறு அவன் அப்பா வீட்டில் இருப்பார்.

இதை முதலில் வாய்விட்டுச் சொன்னது என் வீட்டுக்காரரின் அக்கா. நாத்தனார் கொடுமை என்று யாரும் கற்பனை பண்ண வேண்டாம், நல்ல மனுஷி. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாதம் என் துணியைத் துவைத்தவர். ஃபிரிட்ஜ் முன்னால் நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் படித்தார்.

"உன்கிட்ட தனியா இருக்கறப்பதான் அழறான்மா," என்றார்.

"அப்படி இல்ல அண்ணி. காலையிலேயும் தனியாத்தான் இருக்கான்."

"காலையில உனக்குத் தெம்பு இருக்கும். சாயங்காலம் ஆனா உன் முகம் எப்படி ஆயிடுதுன்னு கண்ணாடியில பாத்திருக்கியா? பிள்ளைக்கு அது தெரியாதா? நான் குத்தமா சொல்லல. எட்டு வருஷம் ஊரெல்லாம் சுத்தின பொண்ணு, நாலு சுவத்துக்குள்ள கிடந்தா யாருக்குமே அப்படித்தான்."

குற்றமாகச் சொல்லவில்லை என்று சொன்னதுதான் எனக்கு அதிகமாகக் குத்தியது. அவருக்குத் தெரிந்த அம்மாள் ஒருத்தி குழந்தைக் காப்பகம் நடத்துகிறாள். திங்கட்கிழமை ஒரு நாள் விட்டுப் பார்ப்போம் என்று முடிவானது. நான் காப்பகத்துக்கு எதிரே இருந்த கடை வாசலில் மூன்றரையிலிருந்து நின்றேன். நாலு பத்து ஆயிற்று. நாலரை ஆயிற்று. உள்ளே போனேன். மேனேஜர் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அழலையே," என்றாள் காப்பகத்து அம்மாள். "தங்கமான பிள்ளை. இதுவா அழுதுன்னு சொன்னீங்க?"

திரும்பி வரும் வழியெல்லாம் அவன் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான். அப்பா இருந்தால் அழுவதில்லை. முன்பின் தெரியாத பெண்ணிடம் அழுவதில்லை. என்னிடம் மட்டும் அழுகிறான். இதைவிடத் தெளிவாக ஒரு தாள் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு லிஃப்டில் இப்படி வந்திருந்தால், சந்தேகமே இல்லாமல் அந்த ஒரு பாகத்தைக் கழற்றி மாற்றியிருப்பேன்.

மாற்றத்தான் முடிவு செய்தேன். ஃபோர்மேன் பத்து நாளுக்கு முன்பே போன் பண்ணியிருந்தார். என் இடம் காலி, வருகிற திங்கட்கிழமைக்குள் வந்து கையெழுத்துப் போட்டால் எனக்கு, இல்லையென்றால் புது ஆளுக்கு என்று. செவ்வாய்க்கிழமை காலையில் அவரைக் கூப்பிட்டு வருகிறேன் என்று சொன்னேன்.

"சந்தோஷமா சொல்றியா, அழுதுட்டே சொல்றியா?" என்றார்.

"ஜலதோஷம் சார்."

"சரி, சரி. அன்னைக்குச் சொன்னியே, அந்த அழுகைக் கேஸ் என்னாச்சு? கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சேன். நான்தான்."

அவருக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப்பில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். "நான் உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன்?" என்றார். "பழுது வந்ததுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எல்லாரும் பாப்பாங்க. அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் என்ன ஆச்சுன்னு நீ பாருன்னு சொன்னேனா இல்லையா?"

"இது லிஃப்ட் இல்ல சார்," என்று போனை வைத்துவிட்டேன்.

அவர் கேட்ட அந்த 'முன்னாடி' விஷயத்தை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். நாலு பத்துக்கு முந்திய இருபது நிமிடம் நான் முன்னறையில் இருப்பதில்லை. அது என்னுடைய இருபது நிமிடம். மூன்று ஐம்பது ஆனால் மேனேஜர் எப்படியோ தானாக அடங்கிவிடுவான். பாயில் உட்கார்ந்து ஏதோ தனக்குள் பேசிக்கொண்டிருப்பான். முன்னறையிலிருந்து அவன் வர முடியாதபடி உள்பக்க நிலைவாசலில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்துவிட்டு, நான் டீயை எடுத்துக்கொண்டு பின்கட்டில் கவிழ்த்த வாளிமேல் போய் உட்கார்ந்துவிடுவேன். அவன் குரல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நாள் முழுவதிலும் சூடாக நான் குடிக்கிற டீ அது ஒன்றுதான்.

முன்னறையில் உட்காராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எதிர்க் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் ஏதோ ஆபீஸ். அங்கே ஒருவர், வழுக்கைத் தலை, கட்டம்போட்ட சட்டை, சரியாக மூன்று ஐம்பதுக்கு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு சிகரெட் பிடிப்பார். எங்கள் வீட்டைப் பார்த்தபடி. சிகரெட் மாமா என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். அவர் பார்ப்பது என்னையோ வீட்டையோ அல்ல, வெறும் காற்றை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் நைட்டியும் பரட்டைத் தலையுமாக எதற்கு அவர் கண்ணில் படவேண்டும் என்று உள்ளே போய்விடுவேன்.

புதன்கிழமை என் வீட்டுக்காரர் டிப்போப் படியில் கால் பிசகி மதியமே வந்துவிட்டார். கணுக்கால் வீங்கி நின்றது. ஐஸ் வைத்துக் கட்டி, முன்னறையில் சுவரோரமாகத் தலையணை போட்டு உட்கார வைத்தேன். பேப்பரை விரித்துக்கொண்டார். மேனேஜர் அவருடைய நல்ல காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அப்பாவும் பிள்ளையும் கொஞ்சிக்கொள்ளட்டும் என்று நான் டீயோடு வாளிக்குப் போனேன். இன்றைக்கு அழமாட்டான், அவன்தான் அப்பா இருக்கும்போது அழுவதில்லையே என்று நினைத்துக்கொண்டேன். கசப்பாகத்தான் நினைத்தேன்.

நாலு பத்துக்கு அழுதான்.

டீ டம்ளரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். அவர் மடியில் வைத்துக்கொண்டு என்னென்னவோ முகம் காட்டிக்கொண்டிருந்தார். பயல் வளைந்து வளைந்து அழுதான். அவர் முகம் பரிதாபமாக இருந்தது. எனக்கோ, சொன்னால் திட்டுவீர்கள், உள்ளுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம்.

"நீங்க இருக்கும்போதே அழறான்!"

"அதுல என்னடி உனக்கு இவ்ளோ சிரிப்பு?"

"இன்னைக்கு என்ன கிழமை?"

"புதன்."

புதன். ஆக, பழுது ஆளைப் பார்த்து வரவில்லை, கிழமையைப் பார்த்து வருகிறது. பதினொரு மாதக் குழந்தைக்குக் கிழமை தெரியாது. தெரிந்த ஏதோ ஒன்று வெளியே இருக்கிறது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அழுகையோடு அழுகையாகக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவன் அழுகையைக் கேட்டு எனக்குப் பயமாக இல்லை. என்னவாக இருக்கும், என்னவாக இருக்கும் என்று ஒரே குறுகுறுப்பு.

அவன் தூங்கியதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அழறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தான்?"

"ஒண்ணும் பண்ணல. சிரிச்சிட்டிருந்தான்."

"உங்களப் பாத்தா?"

"என்னை எங்க பாத்தான். என் பின்னாடி சுவத்தப் பாத்துதான். நான் பேப்பர் படிச்சிட்டிருந்தேன்."

எழுந்துபோய் ஃபிரிட்ஜில் இருந்த தாளைப் பார்த்தேன். அழுகைக்குப் பிறகு என்ன என்பதற்கு மூன்று கட்டம் போட்டிருந்தேன். அழுகைக்கு முன்னால் என்ன என்பதற்கு ஒரு கட்டமும் இல்லை. அமைதியாக இருக்கிற இயந்திரத்தை யார் பார்ப்பார்கள்? நானே பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, அந்த நேரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஃபோர்மேனுக்குத் தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும்.

வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு அவனைப் பாயில் விட்டுவிட்டு, நிலைவாசலில் பலகையை வைத்து, பின்கட்டுக்குப் போகிறவள் மாதிரி காலடிச் சத்தம் கேட்க நடந்து, பூனை மாதிரி திரும்பி வந்து கதவு மறைவில் நின்றுகொண்டேன். அவர் உள்ளறையில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு படுத்திருந்தார். மேனேஜர் ஒரு மூடியை இன்னொரு மூடிக்குள் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று ஐம்பதுக்கு எதிர்க் கட்டிடத்தில் கொக்கி எடுக்கும் சத்தம் கேட்டது.

எங்கள் முன்னறைச் சுவரில், அலமாரிக்குப் பக்கத்தில், ஒரு தாம்பாளம் அளவுக்கு வெளிச்சம் வந்து விழுந்தது.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். கிழக்குப் பார்த்த வீடு. சாயங்கால வெயில் எங்கள் முதுகுப் பக்கம்தான் அடிக்கும். ஆனால் அதே வெயில் எங்கள் தலைக்குமேல் போய் எதிர்க் கட்டிடத்தின் ஜன்னல்களில் விழுகிறது. சாத்தியிருக்கும்போது கண்ணாடி அதை வேறெங்கோ தள்ளிவிடும். அந்த ஒரு கதவை அந்த ஒரு சாய்வுக்குத் திறந்து வைத்தால், நேராக எங்கள் வீட்டுக்குள். 'வெயில்: கிடையாது' என்று பெரிய மனுஷி மாதிரி அடித்துவிட்டேனே!

மேனேஜர் மூடிகளைப் போட்டுவிட்டான். அவசரமே இல்லாமல், வழக்கமாக வருகிற ஆளைப் பார்க்கப் போகிறவன் போல, தவழ்ந்து சுவருக்குப் போனான். சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். காற்றில் ஜன்னல் கதவு லேசாக ஆடியபோது வெளிச்சமும் ஆடியது, அவன் சிரித்தான். உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். வெளிச்சம் கைக்கு அடியில் போகாமல் புறங்கைமேல் ஏறிக்கொண்டது. கையை எடுத்தான், வைத்தான், எடுத்தான். ஸ்பூன் போட்ட அதே முகம். அது மெல்ல மெல்ல அலமாரிப் பக்கம் நகர்ந்தது, அவனும் சுவரைப் பிடித்தபடி பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகர்ந்தான். அவனுக்கு இப்படி நடக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

பிறகு திரும்பி, பலகை வைத்த நிலைவாசலைப் பார்த்து, "ங்ஹே" என்றான்.

அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் வாளியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். தனக்குள் விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டு டீயை உறிஞ்சியிருக்கிறேன். அவன் சுவரைப் பார்ப்பான், வாசலைப் பார்ப்பான், "ங்ஹே" என்பான். மூன்று வாரமாக அவன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வந்து பார், இதைப் பார் என்று.

பலகையைத் தாண்டிப் போய் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. "ங்ஹே," என்று சுவரைக் காட்டினான், அவ்வளவுதான். "ஆமாடா," என்றேன். நானும் கையை வைத்தேன். என் புறங்கைமேலும் அது ஏறியது. அவன் என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்து, வாயைத் திறந்தபடி அசந்துபோய் நின்றான். ஜன்னல் பக்கம் திரும்பினேன். சிகரெட் மாமா புகையை விட்டுக்கொண்டு காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நைட்டியும் பரட்டைத் தலையுமாகத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். போனால் போகிறது.

நாலு பத்துக்கு அவர் சிகரெட்டை நசுக்கிவிட்டு ஜன்னலைச் சாத்தினார். சுவர் வெறும் சுவராகிவிட்டது.

மேனேஜர் வெளிச்சம் இருந்த இடத்தைத் தடவினான். கையை எடுத்து அடியில் பார்த்தான். குனிந்து தரையைப் பார்த்தான், பிறகு கூரையைப் பார்த்தான். கடைசியாக என்னைப் பார்த்தான். உதடு பிதுங்கியது, அழுகை வந்துவிட்டது.

நான் பக்கத்தில் இருந்தால் அழமாட்டான் என்று ஒரு நிமிடம் நம்பியிருந்தேன். அழத்தான் செய்தான். ஆனால் இந்தத் தடவை நான் பாட்டிலைத் தேடி ஓடவில்லை, கிலுகிலுப்பையை ஆட்டவில்லை, நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்டுக்கொள்ளவில்லை. அவனை மடியில் எடுத்து, சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்தேன்.

"போயிடுச்சு," என்றேன். "ஆமாடா கண்ணா. நல்லாத்தான் இருந்துச்சு. நானும் பாத்தேன். போயிடுச்சு."

அவன் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தேன். சுவர் இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்ததா, எனக்கு அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. விக்கி விக்கி அழுதான். நாலு பதினைந்துக்கு விக்கல் மட்டும் மிச்சம் இருந்தது. நாலு பதினேழுக்கு என் நைட்டிப் பொத்தானை ஆராயத் தொடங்கினான்.

"என்ன இன்னைக்கு அதுக்குள்ள நிறுத்திட்டான்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்ன கொடுத்தே?"

"ஒண்ணும் கொடுக்கல. வாங்க, காட்டறேன்."

நொண்டிக்கொண்டு வந்தார். ஜன்னலையும் சுவரையும் காட்டி, கதவின் சாய்வைக் கையால் பிடித்துக் காட்டி, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். சனி, ஞாயிறு அந்த ஆபீசுக்கு லீவு. காப்பகத்தில் இந்தச் சுவரே இல்லை. நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை அழவில்லையே, தாளில் 'கேரட் கொடுத்தேன்' என்று எழுதியிருந்தேனே, அன்றைக்கு மழை. அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார், கால் வலித்ததும் நிறுத்தினார்.

"அந்த ஆள்கிட்ட சொல்லி ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொல்லவா? அக்கா சொன்னா கேப்பான். அக்கா சொன்னா யாரும் கேப்பாங்க."

"வேணாம். திறந்து வச்சாலும் நகர்ந்து போகத்தான் போகுது. சூரியன் தினமும் கொஞ்சம் தள்ளித்தானே வருது. இன்னும் மூணு வாரம். அப்புறம் இந்த வெளிச்சம் பக்கத்து வீட்டு வெளிச்சுவத்துக்குப் போயிடும்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

மூன்று வாரம். திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். இவன் காப்பகத்துக்குப் போயிருப்பான். நான் வீட்டில் இருக்கிற லீவு நாட்களில் அந்த ஆபீசும் லீவு. எப்போதாவது ஒரு வேலை நாளில் வீட்டில் இருந்து பார்ப்பதற்குள் வெளிச்சம் இடம் மாறிப்போயிருக்கும். அழுகை நின்றே போயிருக்கும். பார்த்தாயா என்று அண்ணி கேட்டிருப்பார். டாக்டர் பல் முளைத்துவிட்டது என்றிருப்பார். நானும் நம்பியிருப்பேன். அவன் பள்ளிக்கூடம் போகும்போதும், மீசை முளைக்கும்போதும், என்னிடமிருந்து தள்ளி வைத்ததால்தான் இந்தப் பிள்ளை நன்றாக வளர்ந்தான் என்று நம்பிக்கொண்டே இருந்திருப்பேன். அவன் தலையை முகர்ந்துகொண்டு, அவர் பார்க்கிறார் என்றுகூடப் பாராமல் நன்றாக அழுதேன். மேனேஜர் என் கன்னத்தில் வழிந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அது கீழேதான் போகிறதா என்று கவனித்தான்.

வெள்ளிக்கிழமை ஃபோர்மேனைக் கூப்பிட்டேன்.

"சார், நான் இப்ப வரல."

"ஏம்மா, வர்றேன்னு சொன்னியே?"

"நான்தான் பழுதுன்னு நினைச்சு சொன்னேன் சார். பழுதான பார்ட்டக் கழட்டிடலாம்னு பாத்தேன். இப்ப அப்படி இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு லிஃப்ட் வேலைன்னா உசுருதான், அது உங்களுக்கே தெரியும். வரணும்னு தோணறப்ப வருவேன். தப்பிச்சு ஓடி வரமாட்டேன்."

"அப்ப நான் வேற ஆள் போட்டுடுவேனே."

"போடுங்க. அடுத்த இடம் காலியானா எனக்குச் சொல்லணும். சொல்லலேன்னா வந்து சண்டை போடுவேன்."

சிரித்தார். பிறகு அவருக்கும் பொறுக்கவில்லை. "சரி, அந்தக் கேஸைச் சொல்லு. எங்க இருந்துச்சு?"

"எதிர் பில்டிங் மூணாவது மாடி. ஒருத்தர் சிகரெட் பிடிக்க ஜன்னல் திறக்கறாரு. வெயில் சார்."

"வெயிலா!" அவர் சத்தத்தில் அங்கே சுத்தியல் தட்டுவது நின்றுபோனது. "உன் வீட்லயேவா? நீயா கோட்டை விட்ட?"

"நானேதான் சார். மூணு வாரம்."

"தலையெழுத்து. சரி, ஷீட்டை முடிச்சியா? கடைசி வரி என்ன எழுதின?"

மணி மூன்று ஐம்பதுக்கு ஒரு நிமிடம் இருந்தது. டீயைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். மேனேஜர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சுவரைப் பார்த்து நின்றான்.

"ரெண்டு மெஷினையும் பாத்துட்டேன் சார்," என்றேன். "ரெண்டுலயும் பழுது இல்ல."